64 ஸ்பிட்ஃபயரில் ஜிப்சி இன்ஜின் வைக்கலாமா? வீட்டிலேயே செய்ய நினைக்கிறேன்

வண்ணை64:

வணக்கம். எங்கள் வீட்டில் 1964-ம் வருட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று நிற்கிறது. மார்க் 1, 1147 சிசி, இரண்டே பேர் உட்காரும் திறந்த வண்டி. பெரியப்பா ஹார்பரில் வேலை பார்த்த காலத்தில், ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. சோழவரத்தில் பழைய ஏரோபிளேன் ரன்வேயில் ரேஸ் நடந்துகொண்டிருந்தபோது சின்னப் பையனாக என்னை இதில்தான் கூட்டிப்போவார். ரேஸ் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை, ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் காலடியில் அடித்த சூடும் ஆயில் வாசனையும் இன்னும் அப்படியே இருக்கிறது. போன வருடம் பெரியப்பா தவறிவிட்டார். பெரியம்மா சாவியை என் கையில் கொடுத்து, நீதான் ஓட்டணும் என்று சொல்லிவிட்டார். ஆர்சியும் என் பெயருக்கு மாறிவிட்டது.

பிரச்சினை இன்ஜினில். ஏப்ரலில் மூலக்கடை சிக்னலில் ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டது. அதிலிருந்து ஸ்டார்ட் ஆனாலும் உதறுகிறது, பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்குகிறது. ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார், இன்ஜின் முடிந்துவிட்டது, இதற்கு ஸ்பேர் கிடைக்காது, மாருதி சுசுகி ஜிப்சி கிங் ஜீப்பின் இன்ஜினும் கியர்பாக்ஸும் செட்டாக 60 ஆயிரத்துக்கு வாங்கித் தருகிறேன் என்றார். 1.3 லிட்டர், ஃபியூயல் இன்ஜெக்ஷன், 80 குதிரைத்திறன். என் வண்டியில் புதிதாக இருந்தபோதே 63-தான்.

எனக்கு ஓரளவு கைவேலை தெரியும், பைக் இன்ஜின் இரண்டு முறை பிரித்துப் போட்டிருக்கிறேன். எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு. முன்கூடத்தில் தேக்கு உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது, அதில் செயின் பிளாக் மாட்டி இன்ஜினைத் தூக்கலாம் என்று யோசனை. இந்த இன்ஜின் உட்காருமா? வீட்டில் வைத்துச் செய்ய முடியுமா? ஆர்டிஓவில் என்ன சொல்வார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு டீசல்:

தம்பி, முதலில் அந்த ஊஞ்சல் கொக்கியை மறந்துவிடு. நான் படகு இன்ஜின் தூக்கி இறக்குகிறவன், அதனால் சொல்கிறேன். மெட்ராஸ் டெரஸ் என்பது உத்தரத்து மேல் செங்கலைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிப் போட்ட கூரை. உத்தரம் சுவருக்குள் போகும் முனையில் கரையான் இருந்தாலும் வெளியே தெரியாது. ஊஞ்சலில் ஆள் உட்காருவது வேறு, கியர்பாக்ஸோடு இன்ஜினைத் தொங்கவிட்டு அசைத்து அசைத்து வெளியே எடுப்பது வேறு. பழைய டிரையம்ப் இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு, கனம். மூன்று இரும்புக் குழாயில் முக்காலி அடித்துக்கொள், இல்லை என்றால் சக்கரம் வைத்த கிரேனை நாள் வாடகைக்கு எடு.

அப்புறம் ஒன்று. நம் பக்கம் கடல்காற்று. கதவுக்குக் கீழே ஓடும் பாடி பெட்டியை ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பார். உள்ளே போனால் இன்ஜினைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம்.

பேப்பர் முதலில்:

சார், ஆர்டிஓ கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கு ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே மேக், அதே டைப் இன்ஜின் மாற்றினாலே அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். டிரையம்ப் வண்டியில் சுசுகி இன்ஜின் என்று எழுதிக்கொண்டு போனால் என்ன பதில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 2021-ல் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டியிருந்தால் விஏ வரிசையில் தனி நம்பர் வாங்கலாம். கட்டணம் 20 ஆயிரம், பத்து வருடத்துக்குச் செல்லும். இறக்குமதி வண்டிக்கும் உண்டு. உங்கள் 64 மாடல் தாராளமாகத் தகுதி பெறும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் இந்த மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த நம்பர் போட்டால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, மெக்கானிக்கிடம் ரிப்பேருக்கு விட என்று மட்டும்தான். அது உங்களுக்குச் சரிப்படுமா என்பது வேறு விஷயம். ஜிப்சி இன்ஜின் வைத்த அன்றோடு அந்த வழியும் அடைபட்டுவிடும் என்பதைத் தெரிந்து செய்யுங்கள்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் எதை வாங்கினாலும் பில்லும், அது இருந்த வண்டியின் ஆர்சி நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டி இன்ஜின் உங்கள் வீட்டில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கொடுங்கையூர் ஜிப்சி:

நண்பா, நான் இதைச் செய்தவன். 2016-ல் மாமனாருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ஜிப்சி கிங் இன்ஜின் வைத்தேன். ஸ்பிட்ஃபயர் சேசிஸ் ஹெரால்டு சேசிஸைக் குறுக்கிச் செய்ததுதான், அதனால் நான் பட்டது பெரும்பாலும் உனக்கும் பொருந்தும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்ஜின் உட்காரும். ஜிப்சி இன்ஜின் நீளவாட்டில் நிற்பது, கியர்பாக்ஸ் பின்னால் வருவது, நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி டப்பாவாகச் சின்ன ஷாஃப்டில் தொங்குவது, இதெல்லாம் நமக்குச் சாதகம். டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிப் போட்டுவிட்டு கியர்பாக்ஸிலிருந்து நேராக புரொப்பல்லர் ஷாஃப்ட் அளவெடுத்துச் செய்யலாம். பிளாக் அலுமினியம், பழைய இரும்பு இன்ஜினைவிட லேசு. கியர் விகிதமும் ஆச்சரியமாகப் பொருந்துகிறது. உன் வண்டி டிஃப்ரன்ஷியல் 4.11, ஜிப்சியின் ஐந்தாவது கியர் 0.795, 13 இன்ச் சக்கரத்தில் 3000 ஆர்பிஎம்முக்குக் கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர் வேகம் வரும். நாலு கியரில் கத்திக்கொண்டு ஓடும் வண்டிக்கு அது பெரிய நிம்மதி. கியர்பாக்ஸுக்கு மேலே இருக்கும் அட்டை மூடியைக் கழற்றினால் சீட்டில் உட்கார்ந்தபடியே அளவெடுக்கலாம், பானெட் மொத்தமும் முன்பக்கம் சாய்வதால் டயர் மேல் உட்கார்ந்து வேலை செய்யலாம். வீட்டில் வேலை செய்ய இதைவிட வசதியான கார் கிடையாது.

இனி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். ஜிப்சியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டுவது டிரான்ஸ்ஃபர் கேஸில். அதைத் தூக்கிப் போட்டதும் ஸ்பீடோமீட்டர் செத்துவிடும், இதை நான் எல்லாம் முடித்து ரோட்டில் இறங்கிய பிறகு கண்டுபிடித்தேன். உன் வண்டியில் ஆர்பிஎம் மீட்டரும் கேபிளில் ஓடுவது, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும், அதற்கும் புது இன்ஜினில் இடம் இல்லை. இதைவிட முக்கியம், 64 ஸ்பிட்ஃபயர் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் போய்ச் சேரும். அப்படியே ஜிப்சி இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவை இணைத்தால் சாவி போட்ட கணத்தில் போய்விடும். முதலில் வண்டி மொத்தத்தையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்து, அப்புறம்தான் இசியூ. இன்ஜெக்ஷனுக்கு அழுத்தம் தாங்கும் பெட்ரோல் லைன் வேண்டும், டேங்குக்குத் திரும்பி வரும் லைன் வேண்டும், பழைய ரப்பர் ஹோஸ் ஒரு நாள் தாங்காது.

எக்ஸாஸ்ட் ஸ்டியரிங் ராடுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப், முன்னால் இருக்கும் ஸ்டியரிங் ரேக்கில் இடிக்கிறதா, இரண்டையும் வெல்டிங் வைக்கும் முன் பார். இன்ஜின் உயரம் தெரிய, வால்வு கவர் மேல் பசங்கள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திற. களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கியர்பாக்ஸ் சாய்வும் டிஃப்ரன்ஷியல் சாய்வும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 60-ல் வண்டி நடுங்க ஆரம்பிக்கும்.

கடைசியாக, பின்பக்கம். இதைப் படித்துவிட்டு முடிவெடு. இந்த வண்டிகளில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் டிஃப்ரன்ஷியலிலிருந்து ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது, குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாகப் போய் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். 63 குதிரையிலேயே பலரைப் பயமுறுத்திய விஷயம் இது. என் ஹெரால்டில் மாதவரம் பக்கம் ஆக்சில் கிராஸ் உடைந்தது, நல்ல வேளையாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். சக்தி கூட்டுவதற்கு முன்னால் பின் ஆக்சில், ஹப் பேரிங், பிரேக். உனக்கு முன்னால் டிஸ்க் இருக்கிறது, என் ஹெரால்டில் நாலும் டிரம்.

மொத்தம் பதினான்கு மாதம் ஆனது. ஓட்டியது ஒரு வருடம். ஆர்சி புதுப்பிக்கப் போனபோது சேசிஸ் நம்பர் சரி, இன்ஜின் நம்பர் வேறு. அங்கேயே நின்றுவிட்டது. பழைய இன்ஜினைத் திரும்ப வைக்கலாம் என்றால், அதைக் காயலாங்கடையில் எடைக்குப் போட்டிருந்தேன். மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. நீ என்ன செய்தாலும் பழைய இன்ஜினை விற்காதே, சேசிஸை வெட்டாதே.

வண்ணை64:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. ஊஞ்சல் கொக்கித் திட்டத்தை விட்டுவிட்டேன். ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தேன் அண்ணே, இடதுபக்கம் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு இடத்தில் மட்டும் நுனி இறங்கியது, மற்ற இடமெல்லாம் கெட்டி. அந்த 60 ஆயிரத்துக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஆனால் பழைய இன்ஜின்தான் முடிந்துவிட்டதே, அதை வைத்து என்ன செய்வது?

பெரம்பூர் லேத்:

தம்பி, முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? ஐந்து நிமிடம் காதால் கேட்டு இன்ஜினுக்குத் தேதி குறிக்க முடியாது. எனக்கு 71 வயது, எத்தனை ஹெரால்டு இன்ஜினுக்குச் சிலிண்டர் கடைந்து போர் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 1961-லிருந்து நம் ஊர் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டு செய்தது, உன் இன்ஜினும் அதே குடும்பம்தான், 948, 1147, 1296, 1493 என்று வளர்ந்துகொண்டே போனது. மூன்றே மெயின் பேரிங், இரும்பு ஹெட், சுலபமான இன்ஜின்.

முதலில் இரண்டு வேலை செய். இரண்டுக்கும் ஒரு போல்ட் கூடக் கழற்ற வேண்டாம், பிளக்கைத் தவிர.

ஒன்று, கம்ப்ரஷன் பார். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும், இன்ஜின் சூடாக இருக்கட்டும். நாலு பிளக்கையும் கழற்று, காயில் ஒயரை எடுத்துவிடு, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொல். பலர் இதை விட்டுவிட்டு, காற்றே உள்ளே போகாத சிலிண்டரை அளந்து ஐயோ போச்சு என்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்று விட்டு எழுதிக்கொள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு, அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் காஸ்கெட் தகடு. மொத்த எண்ணைவிட நாலுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் எனக்கு வேண்டும்.

இரண்டு, பானெட்டைத் திறந்து முன் புல்லியைப் பார்த்துக்கொண்டு நில். உள்ளே ஒருவர் கிளட்ச்சை மிதித்து விடட்டும். புல்லி முன்னும் பின்னும் நகருவது கண்ணுக்குத் தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதே. இந்த இன்ஜினின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. பின் மெயின் பேரிங்கில் அரை வட்டமாக இரண்டு திரஸ்ட் வாஷர் உண்டு. அது தேய்ந்து சம்புக்குள் விழுந்தால் கிராங்க் நேராக பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும், அப்புறம் என்னாலும் காப்பாற்ற முடியாது. 4 முதல் 8 தௌ வரை ஆட்டம் இருக்கலாம், தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் என்றால் சம்பை மட்டும் இறக்கி, இன்ஜின் வண்டியிலேயே இருக்க, வாஷரை மாற்றிவிடலாம்.

பார்த்துவிட்டு எண்களைப் போடு.

வண்ணை64:

ஐயா, இன்று பார்த்தேன். கேஜ் பக்கத்துத் தெரு ஆட்டோ மெக்கானிக்கிடம் வாங்கினேன், ஆக்ஸிலரேட்டரை மிதித்தது பெரியம்மா.

முதல் சிலிண்டர் 138 பிஎஸ்ஐ, இரண்டாவது 132, மூன்றாவது 50, நாலாவது 45. ஆயில் விட்டுப் பார்த்ததில் மூன்றும் நாலும் அசையவே இல்லை. புல்லி கண்ணுக்குத் தெரிந்து நகரவில்லை, டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் 7 தௌ. மூன்றாவது பிளக் ஓட்டை வழியாகக் காது வைத்துக் கேட்டால், நாலாவது ஏறும்போது புஸ் என்று காற்று வருகிறது.

பெரம்பூர் லேத்:

இதைவிட நல்ல செய்தி வராது தம்பி. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கிறது, ஆயிலுக்கு ஏறவில்லை, ஒன்றின் காற்று அடுத்ததில் வருகிறது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஹெட் காஸ்கெட் எரிந்து போயிருக்கிறது. மூலக்கடையில் கொதித்த அன்று நடந்த வேலை. ஒன்றிலும் இரண்டிலும் 130-க்கு மேல் காட்டுகிற இன்ஜினை முடிந்துவிட்டது என்று சொல்ல எப்படி மனசு வந்ததோ.

ஒரு கேள்வி, ரேடியேட்டருக்கு இவ்வளவு நாள் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? வண்ணாரப்பேட்டை போர்வெல் தண்ணீராக இருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. அந்த உப்பு பிளாக்குக்குள் சுண்ணாம்பாகப் படியும், கடைசிச் சிலிண்டரைச் சுற்றித்தான் அதிகம் சேரும். தண்ணீர் ஓட்டமே இல்லாமல் அந்த மூலை மட்டும் வெந்துகொண்டிருக்கும். ஹெட்டைக் கழற்றினதும் பிளாக்கின் டிரெய்ன் குழாயைத் திறந்து கம்பி விட்டுக் குத்து, என்ன வருகிறது என்று பார்.

காஸ்கெட் வாங்கும்போது கவனம். இங்கே கடையில் ஹெரால்டு காஸ்கெட் என்று எடுத்துக் கொடுப்பார்கள், அது 948-க்கு, 63 மில்லிமீட்டர் போர். உன்னுடையது 69.3. 1147-க்கு என்று கேட்டு இங்கிலாந்திலிருந்து வரவழை, அங்கே இன்னும் செய்கிறார்கள். ஹெட் நட்டுகளை ஒரே இழுப்பில் கழற்றாதே, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து தளர்த்து. ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நடுவில் உளி வைக்காதே. பிளக்கை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் முதல் இரண்டு சிலிண்டரின் காற்றே அதைக் கிளப்பிவிடும். ராக்கரைக் கழற்றிப் புஷ் ராடுகளை எடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஹெட் வளைந்திருந்தால் நான் லேசாக முகம் தேய்த்துத் தருகிறேன். கையோடு எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட்டும் வைத்துவிடலாம், இது ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்த ஹெட். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடு.

கொடுங்கையூர் ஜிப்சி:

ஐயா சொன்னபடி செய் நண்பா. எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்று வைத்துக்கொள், நம் சிக்னல்களுக்கு அது தேவை. பாசிட்டிவ் எர்த்தில் மாட்டும்போது ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றாமல் ஒயரை மாற்றிப் போடு, அதன் கூடு பாடியைத் தொடாமல் பார். ஹெட் கழற்றும் அன்று நானும் வரலாமா? அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

வண்ணை64:

கண்டிப்பாக வாருங்கள் அண்ணே. ஐயா, போர் தண்ணீர்தான். பெரியப்பா பக்கெட்டில் பிடித்து வைத்து ஊற்றுவார், நானும் அதையேதான் செய்தேன்.

பெரம்பூர் லேத்:

தெரியாமல் செய்ததுதானே தம்பி, விடு. காஸ்கெட் வந்ததும் சொல், அதற்கடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அதற்குள் ஒரு கெட்டி அட்டையில் எட்டு ஓட்டை போட்டு 1 முதல் 8 வரை நம்பர் எழுதி வை. புஷ் ராடு எது எங்கிருந்து வந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும்.